தார் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

ஓவர்சியர் வேலையில் முதலில் பழகுவது டேப் பிடிக்கத்தான். நீளம், அகலம், உயரம் அளக்க வேண்டும், எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், பில் போட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்பகுதியில், முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில், அரசு கட்டிக்கொடுக்கும் வீடுகளை அளந்தே என் வேலைக்காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகும் "வீடு சாங்ஷன் ஆயிருக்கு, மனையை ஒரு தரம் வந்து பாருங்க சார்" என்று யாராவது கூப்பிட்டால் போகிறேன். டேப் பையில் இருக்கும். ஆனால் நான் முதலில் கேட்பது தார் ரோட்டிலிருந்து மனை எவ்வளவு தூரம் என்றுதான். அந்தப் பதிலை வைத்தே செலவு எவ்வளவு இழுக்கும், தளம் எந்த மாதம் விழும், கட்டி முடித்தபின் அதில் ஆள் இருப்பார்களா என்பதில் முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

நான் சேர்ந்த காலத்தில் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 1985-86இல் தொடங்கி, ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடி, 1996இல் தனித் திட்டமானது. ஊரில் அதற்குப் பெயர் தொகுப்பு வீடு அல்லது காலனி வீடு. அடுத்து நூறு நூறு வீடுகளாகச் சமத்துவபுரங்கள் வந்தன. 2010இல் குடிசையைக் காரை வீடாக்கும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 2011இல் சூரிய ஒளி விளக்கோடு பசுமை வீடு: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், அதில் 30 ஆயிரம் சூரிய விளக்குக்கு. 2016இல் பிரதமர் வீட்டுத் திட்டம். 2024இல் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, மூன்றரை லட்சம். ஆட்சிகள் மாறின, பெயர்ப்பலகைகள் மாறின, சதுர அடி கொஞ்சம் கூடியது. மாறாத ஒன்று உண்டு. பைபாஸ் ஓரத்து மனைக்கும் கண்மாய்க் கடைசி மனைக்கும் தொகை ஒன்றே.

பிரதமர் திட்டத்தில் மத்திய அரசு வைத்த அடிப்படைத் தொகை சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம். மலையில் சாமான் ஏற்றுவது கஷ்டம் என்பது டெல்லிக்குப் புரிந்திருக்கிறது. சமவெளிக்குள்ளேயே மலை மாதிரிக் கஷ்டம் கொடுக்கும் கரிசல் பாதை உண்டு என்பது யாருக்கும் எட்டவில்லை.

முந்நூறு சதுர அடி வீடு என்றால் சின்ன வீடுதானே என்று தோன்றும். ஒரு கொத்தனாரிடம் கணக்குக் கேளுங்கள். செங்கல் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம். கல் ஒன்று மூன்று கிலோ என்று வைத்தாலே இருபத்தைந்து முப்பது டன் ஆகிவிட்டது. அஸ்திவாரத்துக்குக் கருங்கல், பேஸ்மட்டம் நிரப்ப மண், கட்டவும் பூசவும் மணல், தளத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி, சிமெண்ட் நூறு மூட்டைக்கு மேல், கம்பி. எல்லாம் சேர்த்தால் எழுபது எண்பது டன்னுக்குக் குறையாது. இதில் எங்கள் பக்கத்தில் கிடைப்பது மண் ஒன்றுதான். ஜல்லியும் எம்-சாண்டும் மதுரை, விருதுநகர்ப் பக்கத்து கிரஷர்களிலிருந்து வர வேண்டும். நல்ல செங்கலுக்கு மானாமதுரைப் பக்கம் போக வேண்டும். ஆக, வீடு கட்டுவது என்பது எண்பது டன்னை ஊர் ஊராக ஏற்றி இறக்கி ஒரே இடத்தில் குவிக்கிற வேலை. கொத்து வேலை அதன் கடைசிக் கட்டம்தான்.

டிப்பர்க்காரர் தார் ரோட்டோடு நின்றுவிடுவார். "உள்ள வந்தா வண்டி எறங்கிரும் சார்" என்பார். அவர் சொல்வது நியாயம். கரிசலில் பின்சக்கரம் இறங்கினால் இன்னொரு டிராக்டர் வந்து இழுக்க வேண்டும், அந்த வாடகையை யார் கொடுப்பது? ரோட்டோரத்தில் கொட்டிய மணலை டிராக்டரில் மறுபடி அள்ள வேண்டும். ஒரு டிப்பர் மணல் இரண்டு மூன்று டிராக்டர் நடை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டிராக்டர் வாடகை என்று தனித்தனியாகப் போகும். இரண்டு தரம் கைமாறும் செங்கலில் மூலை உடைந்தது எப்படியும் கொஞ்சம் சேரும். ரோட்டோரத்தில் ராத்திரி கிடந்த மணல் காலையில் குறைந்திருக்கும். காவலுக்கு வீட்டு ஆம்பளை ஒருவர் அங்கேயே கட்டில் போட்டுப் படுத்தால் மறுநாள் கூலி வேலை போச்சு. இவ்வளவுக்கும் எஸ்டிமேட்டில் இடம் கிடையாது. எஸ்டிமேட்டைப் பொறுத்தவரை மணல் மனையில் கிடக்கிறது.

அரசு மலிவு விலையில் விற்ற அம்மா சிமெண்ட் வந்தபோது மூட்டை 190 ரூபாய். வெளிக்கடை விலையோடு பார்த்தால் நல்ல சகாயம். ஆனால் குடோனிலிருந்து ஊருக்குக் கொண்டுபோக ஒரு குட்டியானை வண்டி பிடிக்க வேண்டும். தார் ரோட்டில் வீடு இருந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி பேசிக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர் தனியாகப் பேச வேண்டும், அதிலும் மழை ஈரம் இருந்தால் வண்டி வராது. மலிவு விலைச் சரக்கு எங்கே கிடைக்கிறது என்பதையும் பார்த்தால்தான் அது யாருக்கு மலிவு என்று தெரியும்.

பருவம் இன்னொரு கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கரிசல் பாதையில் ஆள் நடப்பதே பாடு, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது கண்மாயில் தண்ணீர் இருக்கும், சாமான் வராது. மாசி, பங்குனியில் பாதை காய்ந்து கல்லாகிவிடும். வண்டி தாராளமாக வரும், கண்மாய் வற்றிவிடும். நிதியாண்டோ மார்ச்சில் முடிகிறது. "31ஆம் தேதிக்குள் தளம் போட்டுப் போட்டோ ஏத்துங்க" என்று மேலிருந்து போன் வரும். கட்டடத்துக்குத் தண்ணீர் தேவைப்படும் மாதமும் ஊரில் தண்ணீர் இல்லாத மாதமும் எங்கள் வட்டாரத்தில் எப்போதும் ஒன்றாகவே வந்து நிற்கும்.

தளம் போட்ட மறுநாள் நான் போய்ப் பார்க்கும் காட்சியைச் சொல்கிறேன். தளத்தின் மேல் களிமண்ணால் சின்னச் சின்னப் பாத்தி கட்டியிருப்பார்கள். அதில் இரண்டு விரக்கடை தண்ணீர் பத்துப் பதினைந்து நாளைக்கு வற்றாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் கான்கிரீட் இறுகும். வீட்டுக்கார அம்மா தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வருவார். குழாயடியிலிருந்து வந்த தண்ணீர், குடிக்க வைத்தது. ஏணியில் ஒரு பெண் நிற்க, கீழிருந்து குடம் கைமாறி மேலே போகும். பாத்தியில் ஊற்றும்போது ஒரு சொட்டுச் சிந்தினாலும் மனசு பதறும் அவர்களுக்கு. "ஆத்தா, இன்னும் ஒரு வாரம் விடாம ஊத்தணும்" என்பேன். "குடிக்கிறதுக்கு என்ன சார் பண்றது?" என்று கேட்பார். அதற்கு எம்-புக்கில் பதில் இல்லை. பாத்தியில் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். வெயில் நேரே படாததால் ஆவியாவது குறையும். தண்ணீர்ச் செலவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கும். பழைய கொத்தனார்களுக்கு இது தெரியும். இப்போதுள்ள பையன்களுக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நல்ல தண்ணீருக்கு டேங்கர் பேச முடியாதவர்கள் பக்கத்துப் போர்வெல்லில் கலவை போட்டுவிடுவார்கள். எங்கள் ஊர்ப் போர்த்தண்ணீரில் பாதி இடங்களில் உப்புக் கரிக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தளம் பளபளவென்று இருக்கும், நானும் பில் போட்டுவிடுவேன். உப்பு உள்ளே கம்பியைத் தின்னத் தொடங்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்த கம்பி கான்கிரீட்டை வெளியே தள்ளும். பத்துப் பதினைந்து வருடத்தில் சீலிங்கில் கம்பி ஓடும் வாக்கிலேயே விரிசல் கோடு போடும். பழைய காலனி வீடுகளுக்குள் போனால் நான் ஒரு கம்பை எடுத்துச் சீலிங்கைத் தட்டிப் பார்ப்பேன். 'டங்' என்று கெட்டியாக ஒலித்தால் சரி. 'டொப்' என்று உள்வாங்கினால் அந்த இடத்துக்குக் கீழே தொட்டில் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். பழைய வீடுகளைப் பழுதுபார்க்க அரசு இப்போது தனியாகத் திட்டம் போட்டிருக்கிறது. நல்ல காரியம். அதில் பெயரும் காரைக்கு ஆகும் செலவு, அன்றைக்கு இரண்டு டேங்கர் நல்ல தண்ணீருக்கு ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு.

சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்று பயிற்சி வகுப்புகளில் நிறையச் சொல்வார்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைப் பற்றி அப்படித்தான் தெரிந்துகொண்டேன். செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது. இரண்டு கல்லுக்கு நடுவில் பொந்து விழும். அந்தக் காற்றுப் பொந்து வெயிலை உள்ளே விடாது, செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சம். எங்கள் கணக்கில் சொன்னால் ஒரு வீட்டுக்கு இரண்டாயிரம் கல், அதாவது ஒரு டிராக்டர் நடை குறையும். கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு பயனாளியைச் சம்மதிக்க வைத்து மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் நான்கு கல்லை எடுத்து வரிசையாக நிறுத்திக் காட்டினார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று வளைந்தது. "காளவாசல் கல்லுல இந்தக் கட்டு எப்படி சார் மட்டம் நிக்கும்? படுக்கப் போட்டா கலவையில சரி பண்ணிருவேன். நிறுத்துனா ரெண்டு பக்கமும் பல்லைக் காட்டும்" என்றார். உண்மைதான். மெஷின் கல் இருந்தால்தான் அது சரிப்படும். மெஷினில் அச்சடித்த சாம்பல் கல்லில் பிறகு ஒரு வீடு கட்டிப் பார்த்தோம், சுவர் அழகாக வந்தது. சுவர் வெளியே காய்ந்தாலும் உள்ளே கை வைத்தால் குளுமை தெரிந்தது. ஆனால் அந்தக் கல் வந்த தூரத்துக்கு ஆன வாடகை, மிச்சப்பட்ட கல்லின் விலையைச் சாப்பிட்டுவிட்டது. அந்த வீடும் தார் ரோட்டோரம் இருந்ததால்தான் முடிந்தது.

இதற்குமுன் இந்த மண்ணில் மக்கள் எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்தால் தூரத்துக்கான விடை அதிலேயே இருந்தது. கண்மாய் மண்ணைக் குழைத்துச் சுவர். வைரம் பாய்ந்த பனையைப் பிளந்து உத்திரம், கைமரம். மேலே பனையோலை. எல்லாம் நடந்து போய் எடுத்து வரும் தூரத்தில் கிடைத்தவை. கரையான், தீ, புயல் மூன்றுக்கும் பயந்து வாழ்ந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஓலை வீட்டில் பிள்ளை வளர்த்த எந்த அம்மாவும் அதற்குத் திரும்பிப் போக மாட்டார், போகச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் சித்திரை மாதம் மத்தியானம் காரை வீட்டுக்குள் யாரும் இருப்பதில்லை. வீட்டுக்கு முன்னால் ஓலையில் ஒரு பந்தல் இறக்கி, அதற்குக் கீழேதான் சமையல், தூக்கம், விருந்தாளி எல்லாம். அரசு கொடுத்தது சாமான் வைக்கிற அறை, குடியிருப்பது பந்தலில் என்று ஆகிவிடுகிறது. கனவு இல்லத்தில் 360 சதுர அடியில் 300 அடிக்குத்தான் கான்கிரீட் கட்டாயம், மீதி 60 அடிக்கு வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். இதை எழுதியவர் யாரோ பந்தலைப் பார்த்தவராக இருக்க வேண்டும். தளத்து மேல் வருடா வருடம் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். செலவு சொற்பம், ராத்திரி வித்தியாசம் தெரியும்.

பசுமை வீட்டின் சூரிய விளக்கு வந்த வருடங்களில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. ஹால், படுக்கை அறை, சமையலறை, கழிப்பறை, வராண்டா என்று ஐந்து விளக்கு. ஊரே இருண்டு கிடக்கும்போது அந்த வரிசை வீடுகளில் மட்டும் வெளிச்சம் தெரியும், பிள்ளைகள் வராண்டாவில் உட்கார்ந்து எழுதும். சில வருடத்தில் பேட்டரி ஓய்ந்தது. பழுதுபார்ப்பவர் ஊருக்கு வரத் தயாரில்லை. கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை யார் நடப்பது? நடந்தாலும் கண்டக்டர் ஏற்ற வேண்டுமே. தார் ரோட்டோர வீடுகளில் விளக்கு இன்னும் சில வருடம் எரிந்தது. உள்ளே இருந்த வீடுகளில் பேட்டரிப் பெட்டி உட்காரும் முக்காலியானது. சூரியன் எல்லார் கூரைக்கும் ஒரே மாதிரிதான் வந்தது. மெக்கானிக் அப்படி வரவில்லை.

மனைகள் ஏன் இவ்வளவு உள்ளே போய்ச் சேர்கின்றன? சொந்த இடம் இல்லாதவருக்கு மூன்று சென்ட் இலவச மனைப்பட்டா கொடுப்பார்கள். ரோட்டோரத்து இடத்துக்கு விலை வந்துவிட்டது. புறம்போக்கு என்று மிஞ்சியிருப்பது கண்மாய்க் கழிவோரம், சுடுகாட்டுப் பாதை, ஊர்க் கடைசி. ஏழைக்குக் கிடைக்கிற நிலம் எப்போதும் பஸ்ஸுக்கு எட்டாத நிலமாகவே இருக்கிறது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் நல்ல சாலைகளைப் போட்டது, ஆனால் சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகளுக்குத்தான் அது. பட்டா கொடுத்து உருவான இருபது முப்பது வீட்டுக் காலனிக்கு அந்தக் கணக்கில் தலை எண்ணிக்கை தேறாது. வீடு ஒரு திட்டம், சாலை ஒரு திட்டம், பஸ் இன்னொரு துறை. மூன்று கோப்பும் மூன்று மேசையில் இருக்கும்.

பஸ் வந்தால் என்ன ஆகும் என்பதையும் கண்ணால் பார்த்தேன். 1997இல் மினி பஸ் திட்டம் வந்தபோது, பெரிய பஸ் திரும்ப முடியாத ஊர்களுக்குச் சின்ன வண்டி போனது. வண்டி போன ஊர்களில் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிற்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் சைட்டுக்கு வந்த சித்தாள் பெண்கள் பலர் அதன்பின் டவுனில் ஜவுளிக்கடைக்கும் ஹோட்டலுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். கூலி கொஞ்சம் கூடுதல், வெயில் இல்லை. எனக்கு ஆள் குறைந்தது, அவர்களுக்கு நல்லது நடந்தது. ஆனால் டவுன் பஸ் வராத காலனிப் பெண்ணுக்கு அந்த இலவசம் மூன்று கிலோமீட்டர் நடந்த பிறகுதான் தொடங்குகிறது. மினி பஸ் தனியார் வண்டி, அதில் காசு கொடுக்க வேண்டும்.

பிரதமர் திட்டத்துப் பட்டியல் 2011 கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. வீடு வந்து சேரும்போது சில குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தன, சிலர் கேரளத்துக்கு. விட்டுக்கொடுக்க மனசில்லாமல் வந்து கட்டினார்கள், தளம் போட்டார்கள், வீட்டுக்கு முன்னால் நின்று போட்டோவுக்கு முகம் காட்டினார்கள். கடைசித் தவணை ஏறியதும் பூட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருவரிடம் கேட்டேன். "வீடு நல்லாத்தான் சார் இருக்கு. வேலைக்குப் போக காலைல பஸ் இல்லை, வேலை முடிஞ்சு வர ராத்திரி பஸ் இல்லை. பொங்கலுக்கு வந்து இருந்துக்கிறோம்" என்றார். அவர் ஊரில் அப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எல்லாம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியவை. அதே சுவர், அதே கம்பி, அதே கொத்தனார் கட்டிய ரோட்டோர வீடுகளில் ஆள் இருக்கிறார்கள், முன்பக்கம் ஒரு பெட்டிக்கடையும் வந்திருக்கிறது. எண்பது டன் சாமானைச் சுமந்து போய் ஒரு பூட்டைத் தொங்கவிடுவதைவிடப் பெரிய விரயம் எனக்குத் தெரிந்து இல்லை. பசுமை, நீடித்த வளர்ச்சி என்றெல்லாம் பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாற்றிச் செய்து பார்த்த இடமும் உண்டு. ஒரு காலனியில் வீட்டு வேலை தொடங்குமுன் ஊராட்சித் தலைவர் பிடிவாதமாக நூறுநாள் வேலையில் பாதையை முதலில் எடுத்தார். இருபுறமும் மண் வெட்டி மேடாக்கி, கிராவல் பரப்பி, தண்ணீர் கடக்கும் இடத்தில் குழாய் பதித்தார்கள். அதற்குப் பிறகுதான் அஸ்திவாரம் தோண்டினோம். டிப்பர் நேரே மனைக்கு வந்தது. பத்துப் பயனாளிகள் சேர்ந்து ஒரே கிரஷரில் ஒரே விலை பேசினார்கள், கம்பியும் அப்படியே. ஒரு டேங்கர் நல்ல தண்ணீரைப் பங்கு போட்டார்கள். ஒருவர் வீட்டுச் சாரத்தைப் பிரித்து அடுத்த வீட்டில் கட்டினார்கள். எல்லா வீட்டுக்கும் மழைக்கு முன்னால் தளம் விழுந்தது. வீட்டை முடிக்கப் பணம் போதாமல் கந்துவட்டிக்குப் போனவர்களும் மற்ற ஊர்களைவிடக் குறைவு. பாதை இருப்பதைப் பார்த்து பிறகு மினி பஸ்காரர் ஒருவர் ஒரு நடை உள்ளே வந்து திரும்பத் தொடங்கினார். யாரும் மனுக் கொடுக்கவில்லை. அவருக்கு அங்கே ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். வரிசையை மாற்றியதைத் தவிர அந்த ஊரில் புதிதாக எந்தத் தொழில்நுட்பமும் இல்லை.

வீட்டு விண்ணப்பத்தில் சாதி, பட்டா எண், வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் கேட்கிறார்கள். தார் ரோடு எவ்வளவு தூரம், பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், நல்ல தண்ணீர் எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் கேட்கலாம். தூரத்துக்கு ஏற்ப வண்டி வாடகையைத் தொகையில் சேர்க்கலாம். குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் போனால் பாதை போடாமல் பணி ஆணை கொடுப்பதில்லை என்று வைக்கலாம். பட்டா கொடுக்கும் தாசில்தாரும் பஸ் விடும் அதிகாரியும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் மூன்று மேசையும் ஒரு தரமாவது ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும்.

அது வரும்வரை, புதிதாக வேலைக்கு வரும் பொறியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். மனை பார்க்க ஒரு தரமாவது ஜீப்பை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போங்கள். இறங்கிய இடத்திலிருந்து மனைக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, அதை எஸ்டிமேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சதுர அடியை அதற்குப் பிறகு அளக்கலாம்.